கடலோர வீடும் காப்பீட்டுக் கட்டணமும்

முன்னுரை

சிறுபாணாற்றுப்படையை இயற்றிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தவர். அந்நூலின் பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடன். அவனுடைய பட்டினங்களுள் ஒன்றாகச் சொல்லப்படும் எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்தாகும். உப்பு வணிகராகிய உமணரின் வண்டி வரிசையும் அந்நூலில் காட்சியளிக்கின்றது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த அந்த நெய்தல் வாழ்வு இன்றும் அங்கே மறைந்துவிடவில்லை. மரக்காணத்தின் உப்பளங்களில் கோடைதோறும் உப்பு விளைகின்றது. அதனை அடுத்துள்ள எக்கியார்குப்பம் போன்ற ஊர்களில் வைகறைதோறும் படகுகள் கடலில் இறங்குகின்றன.

ஆயினும் ஒன்று மாறியுள்ளது. பண்டைப் பரதவர் வீடு ஓலையால் ஆனது. புயல் அடித்தால் ஒரு திங்களுக்குள் வேறு வீடு எழும். இன்றைய கடலோர வீடோ செங்கல்லும் கம்பியும் கான்கிரீட்டும் கொண்டு, ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பையெல்லாம் விழுங்கி எழுந்து நிற்பது. அஃது இடிந்தால் எளிதில் மீண்டும் எழாது. எனவேதான், "இவ்வீட்டுக்கு ஊறு நேர்ந்தால் அந்த இழப்பை யார் தாங்குவது?" என்னும் வினா இன்று முன்னிற்கின்றது. உலகின் பல நாடுகளில் இவ்வினாவுக்கு விடையாக இருந்துவந்த வீட்டுக் காப்பீடும் வெள்ளக் காப்பீடும் ஆண்டுதோறும் விலையேறி வருகின்றன. இவ்விலையேற்றத்தின் காரணங்களையும், நம் கரையோர மக்களுக்கு அது கற்பிக்கும் பாடத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையின் இயல்பு

மரக்காணம் கரையின் ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் கழுவெளி எனப்படும் பெரும் உவர்நீர்ப் பரப்பு. 2021 ஆம் ஆண்டு பறவைகள் புகலிடமாகவும், 2024 ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இக்கழுவெளி, மழைக்காலத்தில் உள்நாட்டு ஏரிகளின் மிகைநீரைத் தாங்கிக் கடலுக்கு அனுப்புவது. ஆகவே இங்குள்ள தாழ்ந்த நிலங்களுக்கு வெள்ளம் கடலிலிருந்தும் வரலாம், நிலத்திலிருந்தும் வரலாம். இரண்டும் ஒரே நாளில் வருவதும் உண்டு.

அண்மைக் கால வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயல். 2020 நவம்பர் 25 ஆம் நாள் நள்ளிரவையொட்டிப் புதுச்சேரிக்கு அருகே கடந்த 'நிவர்'. 2024 நவம்பர் 30 இரவு அதே பகுதியில் கடந்த 'பெஞ்சல்'. இறுதியாகக் கூறிய புயல், கரையைக் கடந்தபின்னும் விரைந்து நகராமல் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்று பெய்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மயிலத்தில் அதனினும் மிகுதி. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. இருபது ஆண்டுகளில் நான்கு பேரிடர் என்னும்போது, இவற்றை எதிர்பாராத நிகழ்ச்சிகள் என்று இனியும் கூறுவதற்கில்லை.

இவற்றோடு ஓசையின்றி நிகழும் வேறொரு கேடும் உண்டு. அது கடலரிப்பு. நம் கிழக்குக் கரையோரம் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் அதனைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டேயிருக்கும். புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் அமைந்த துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் இம்மணலோட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே மணல் வராமற்போகவே கரை கரைந்தது. அதனைத் தடுக்கக் கற்களைக் கொட்டிய இடங்களில் கரை நின்றது. ஆனால் கல் முடிந்த இடத்திற்கு வடக்கே அரிப்பு தொடங்கிற்று. இவ்வாறே கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எனக் கேடு வடக்கு நோக்கி நகர்ந்து வந்துள்ளது. 1990 முதல் 2018 வரையிலான கரைமாற்றத்தை ஆராய்ந்த சென்னைத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், தமிழ்நாட்டுக் கரையில் 42.7 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டறிந்தது. பெருவெள்ளம், கடலரிப்பு ஆகிய இவ்விரண்டையும் காப்பீடு வெவ்வேறாகவே நோக்குகின்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

காப்பீட்டின் கணக்கு

காப்பீடு என்பது, ஒருவருக்கு நேரும் இழப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஓரிடத்தில் 1,000 வீடுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் மீண்டும் கட்ட 10 இலட்சம் ரூபாய் ஆகும். தீயினாலோ பிறவற்றாலோ ஆண்டுக்கு 2 வீடுகள் முற்றிலும் அழிகின்றன என்று கொள்வோம். ஆண்டு இழப்பு 20 இலட்சம். அதனை ஆயிரம் பேரும் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் 2,000 ரூபாய். இதுவே பிரீமியம் எனப்படும் காப்பீட்டுக் கட்டணத்தின் அடிப்படை. இதன்மேல் நிறுவனத்தின் நிர்வாகச் செலவும் ஆதாயமும் வரியும் சேரும். அழியும் வீடுகள் இரண்டிலிருந்து நான்காக உயர்ந்தால் கட்டணமும் இருமடங்காகும். இதில் எவருடைய பேராசையும் இல்லை. வெறும் வகுத்தல் கணக்கே உள்ளது.

ஆனால் புயலின் கணக்கு தீயின் கணக்கன்று. தீ ஒரு வீட்டைச் சுடும். அடுத்த தெரு தப்பிக்கும். புயலோ 19 ஆண்டுகள் ஒன்றும் செய்யாதிருந்து, 20 ஆம் ஆண்டில் 40 வீடுகளை ஒரே இரவில் வீழ்த்தும். சராசரி பார்த்தால் அதே ஆண்டுக்கு 2 வீடுதான். கட்டணமும் அதே 2,000 ரூபாய்தான். எனினும் அப்புயல் 20 ஆம் ஆண்டில் வராமல் மூன்றாம் ஆண்டிலேயே வந்துவிட்டால் என்னாகும்? அதுவரை திரண்ட தொகை 60 இலட்சம். கொடுக்க வேண்டியது 4 கோடி. இந்த இடைவெளியை நிரப்ப நிறுவனம் பெருந்தொகையை முன்கூட்டியே இருப்பில் வைத்தாக வேண்டும். அல்லது தன் பொறுப்பின் ஒரு பகுதியை வேறொரு பெரு நிறுவனத்திடம் விலைகொடுத்து ஒப்படைக்க வேண்டும். இரண்டாவது ஏற்பாட்டிற்கு மறுகாப்பீடு என்று பெயர். இந்தியாவில் பொதுக் காப்பீட்டுக் கழகமும், உலக அளவில் சுவிஸ் ரீ, மியூனிக் ரீ போன்ற நிறுவனங்களும் இத்தொழிலைச் செய்கின்றன.

கட்டணம் ஏன் உயர்கின்றது?

மேற்கண்ட கணக்கிலிருந்தே காரணங்களை வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, இடரின் அளவு பெருகியுள்ளது. காற்று ஒரு செல்சியஸ் பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல் உண்மை. கடல் சூடேறச் சூடேறப் புயல் சுமந்துவரும் மழையும் மிகுகின்றது. கடல்மட்டமும் உயர்வதால் அலை முன்னிலும் உள்ளே வருகின்றது.

இரண்டாவது, இடருக்கு எதிரே நிற்கும் பொருளின் மதிப்பு பெருகியுள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்த நிலையை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். சவுக்குத் தோப்பும் மணல்மேடும் இருந்த இடங்களில் இன்று மாடி வீடுகளும் விடுதிகளும் நிற்கின்றன.

மூன்றாவது, மீண்டும் கட்டும் செலவு. சிமெண்ட், கம்பி, மணல், கூலி ஆகிய அனைத்தும் ஏறியுள்ளன. அதே வீட்டுக்கு இழப்பீடு முன்னினும் பன்மடங்கு தரவேண்டியுள்ளது.

நான்காவது, மறுகாப்பீட்டின் விலை. புளோரிடாவை 2022 ஆம் ஆண்டு தாக்கிய 'இயான்' சூறாவளிக்குப் பின் உலக மறுகாப்பீட்டுச் சந்தையில் விலை கடுமையாக ஏறிற்று. அட்லாண்டிக் கரையில் வீசிய புயலுக்கான விலையில் ஒரு பங்கை வங்கக் கரையில் இருப்பவரும் செலுத்த நேர்வது இதனால்தான்.

அயல்நாடுகள் தரும் பாடங்கள்

அமெரிக்க அரசு 1968 ஆம் ஆண்டு தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தனியார் நிறுவனங்கள் வெள்ளத்தைக் காக்க அஞ்சி விலகியதே அதற்குக் காரணம். மக்கள்பால் இரக்கம் கொண்டு பல வீடுகளுக்கு உண்மை இடரினும் குறைந்த கட்டணமே விதிக்கப்பட்டது. விளைவு என்ன? வெள்ளம் வரும் இடங்களில் வீடு கட்டுவது குறையவில்லை. 2005 ஆம் ஆண்டின் 'கத்ரீனா' சூறாவளிக்குப் பின் அத்திட்டம் பெருங்கடனில் மூழ்கிற்று. 2017 ஆம் ஆண்டு 1,600 கோடி டாலர் கடனை அந்நாட்டு நாடாளுமன்றமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. 2021 அக்டோபர் முதல் ஒவ்வொரு வீட்டின் இடரையும் தனித்தனியே அளந்து கட்டணம் விதிக்கும் புதுமுறை வந்தது. உண்மை விலை வெளிப்பட்டபோது பலருக்கு அதைக் கட்ட இயலவில்லை.

புளோரிடா மாநிலத்தில் 1992 ஆம் ஆண்டு வீசிய 'ஆண்ட்ரூ' சூறாவளியால் பத்துக்கும் மேற்பட்ட காப்பீட்டு நிறுவனங்கள் நொடித்தன. எஞ்சியவை கட்டணத்தை உயர்த்தின. சில கடலோரத்தைவிட்டே விலகின. கைவிடப்பட்டோர்க்கென அம்மாநிலம் 2002 ஆம் ஆண்டு 'சிட்டிசன்ஸ்' என்னும் நிறுவனத்தை அமைத்தது. இறுதிப் புகலிடமாகத் தொடங்கிய அது, 2023 ஆம் ஆண்டில் 14 இலட்சம் பத்திரங்களைத் தாங்கும் நிலைக்கு வந்தது.

இங்கிலாந்து வேறொரு வழியைக் கண்டது. அங்கே 2016 முதல் 'பிளட் ரீ' என்னும் ஏற்பாட்டின்கீழ், வீட்டுக் காப்பீடு வழங்கும் எல்லா நிறுவனங்களும் ஒரு பொது நிதிக்குப் பங்களிக்கின்றன. அந்நிதியால் வெள்ளப் பகுதி வீடுகளுக்குக் கட்டணம் தாங்கும் அளவில் நிற்கின்றது. ஆனால் 2009 ஜனவரி 1 முதல் கட்டப்பட்ட வீடுகளுக்கு இச்சலுகை கிடையாது. முன்பே வாழ்பவரைக் கைவிடாமலும், தீங்கு வரும் இடமெனத் தெரிந்தே புதிதாகக் கட்டுவோரை ஊக்காமலும் இருக்க அவ்வாறு எல்லை வகுத்தனர். குறைந்த கட்டணம் இரக்கத்தின் அடையாளமாயினும், எல்லையற்ற இரக்கம் மக்களைத் தீங்கின் வாயிலிலேயே குடியமர்த்திவிடும் என்பதும், எல்லையற்ற சந்தை அவர்களைக் கைவிட்டுவிடும் என்பதும் இந்நாடுகள் நமக்குக் கற்பிக்கும் பாடங்களாம்.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் பொதுக் காப்பீட்டுத் தொழில் 1973 ஜனவரி 1 முதல் நாட்டுடைமையாயிற்று. 107 நிறுவனங்கள் நான்காகத் தொகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 2000 ஆம் ஆண்டு முதல் தனியாரும் நுழைந்தனர். 2007 வரை தீக் காப்பீட்டுக் கட்டணத்தை ஒரு பொது அட்டவணை நிர்ணயித்தது. அவ்வாண்டு ஜனவரியில் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. போட்டியால் கட்டணங்கள் சரிந்தன. பின்னர் இழப்புகள் பெருகவே, 2019 முதல் பொதுக் காப்பீட்டுக் கழகம் மறுகாப்பீட்டு ஒப்பந்தங்கள் வழியாகத் தொழிலகங்கள் முதலியவற்றுக்குக் குறைந்தபட்சக் கட்டணத்தை வற்புறுத்தத் தொடங்கியது.

வீடுகளுக்கென இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் ஒரே சீரான பத்திரத்தை நடைமுறைப்படுத்தியுள்ளது. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், ஆழிப்பேரலை ஆகியவற்றால் வீட்டுக்கு நேரும் சேதத்தை அது ஈடுசெய்கின்றது. கட்டடத்திற்குக் குறித்த தொகையில் 20 விழுக்காடு, 10 இலட்சம் ரூபாய்க்கு மிகாமல், வீட்டுப் பொருள்களுக்கும் தானே பொருந்தும். காப்புத் தொகை நிலத்தின் விலையை உட்கொள்வதன்று. கட்டடத்தை மீண்டும் எழுப்பும் செலவை மட்டுமே உட்கொள்வது. சாதாரண வீட்டுக்குக் கட்டணம் இன்னும் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் ரூபாய் வரையில்தான் உள்ளது. அயல்நாட்டாரின் கட்டணத்தோடு ஒப்பிடின் இது மிகச் சிறிது.

அங்ஙனமாயின் நம் மக்களுக்கு என்ன சிக்கல்? கட்டணம் எளிதாக இருக்கும்போதே நம்மவருள் மிகப் பலர் காப்பீடு செய்துகொள்வதில்லை என்பதே சிக்கல். 2015 ஆம் ஆண்டின் சென்னைப் பெருவெள்ளத்தில் பொருளிழப்பு ஏறத்தாழ 220 கோடி டாலர் என்றும், அதில் காப்பீடு ஈடுசெய்தது 75 கோடி டாலர் அளவே என்றும் சுவிஸ் ரீ நிறுவனம் கணித்தது. அந்த மூன்றில் ஒரு பங்கிலும் தொழிலகங்களும் ஊர்திகளும் பெரும்பங்கு கொண்டன. பெருநகரின் நிலையே இதுவெனின், கடலோரக் குப்பங்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரு சொல் விளைக்கும் வேறுபாடு

பத்திரம் எடுப்போரும் அதன் சொற்களை ஊன்றிப் படிக்க வேண்டும். இலக்கண மாணவர்க்கு ஒரு சொல்லின் எல்லை தெரியும். காப்பீட்டிலும் சொல்லே எல்லை. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் இழப்பீடு உண்டு. வீடு நிற்கும் நிலம் தாழ்ந்தாலும், நிலச்சரிவு ஏற்பட்டாலும் உண்டு. ஆனால் அதே பிரிவின்கீழ், கடலரிப்பாலும் ஆற்றரிப்பாலும் விளையும் நிலத்தாழ்வுக்கு இழப்பீடு இல்லை என்று விலக்கு எழுதப்பட்டுள்ளது.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். புயலிரவில் அலை அடித்துச் சுவர் விழுந்தால் அது ஒரு விதம். மணல் ஆண்டுக்குச் சில அடியாகக் கரைந்து, ஒருநாள் அடித்தளம் வெளிப்பட்டு வீடு சாய்ந்தால் அது வேறு விதம். வீட்டை இழந்தவர்க்கு இரண்டும் ஒன்றே, பத்திரத்திற்கு ஒன்றல்ல. நடக்கலாம் என்பதற்குத்தான் காப்பீடு உண்டு. நடந்தே தீரும் என்பதற்குக் காப்பீடு இல்லை. எந்த நிறுவனமும் வேறுவகையில் எழுத இயலாது. ஆகவே கடலரிப்புக்குத் தீர்வைக் காப்பீட்டு அலுவலகத்தில் தேடுவதில் பயனில்லை. மணலோட்டத்தை மறிக்காத கட்டுமானம், மணல்மேடுகளைக் காத்தல், அரிப்புக்கு ஆளான குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் கெடாத தொலைவில் மாற்றிடம் ஆகியவற்றை அரசிடம் கோரிப் பெறுவதே வழியாகும்.

கட்டாதவர் கட்டும் கட்டணம்

"பத்திரம் எடுக்காதவன் பணத்தை மிச்சப்படுத்துகிறான்" என்பது பொதுவான எண்ணம். அது உண்மைதானா?

கடலோரத்தில் ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்துவோம். தந்தை உப்பளத்தில் உழைப்பவர். மழைக்காலத்தில் அங்கே வேலையில்லை. அக்காலத்திற்கென 2022 முதல் தமிழ்நாட்டரசு உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கி வருகின்றது. அந்த மாதங்களில்தான் புயலும் வருகின்றது. வருவாய் இல்லாத வேளையில் வீடு சேதமுறுகின்றது. 'பெஞ்சல்' புயலுக்குப் பின் விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களில் குடும்ப அட்டை ஒன்றுக்கு 2,000 ரூபாயும், சேதமுற்ற குடிசைக்கு 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. பசியாற இது உதவும், பாராட்டத்தக்கதே. ஆனால் சுவர் எழுப்ப இது போதாது. மீதிக்கு என் செய்வர்? மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகும். அது போதாதெனின் கந்துவட்டி. அதுவும் போதாதெனின் மூத்த மகனின் படிப்பு நிற்கும். மகளின் கல்லூரிக் கனவு கலையும்.

எனவே, காப்பீட்டுக் கட்டணம் கட்டாதவரும் ஒரு கட்டணம் கட்டத்தான் செய்கின்றார். முன்னர்ச் சிறிது சிறிதாகக் கட்டாததைப் பின்னர் வட்டியோடு மொத்தமாகக் கட்டுகின்றார். அயல்நாட்டில் ஏறிவரும் கட்டணம் ரசீதில் தெரிகின்றது. நம் கடலோரத்தில் ஏறிவரும் கட்டணம் அடகுச் சீட்டில் தெரிகின்றது.

மார்க்கம் காட்டும் நெறி

காப்பீடு கூடுமா என்னும் ஐயம் நம் சமுதாயப் பெரியோர் பலரிடம் உண்டு. அது புறந்தள்ளத்தக்க ஐயமன்று. வணிகக் காப்பீட்டில் எதைக் கொடுத்து எதைப் பெறுகின்றோம் என்னும் தெளிவின்மை உண்டு. சூதின் சாயல் உண்டு. திரண்ட பணம் வட்டியில் ஈடுபடுத்தப்படுவதும் உண்டு. இக்காரணங்களை முன்வைத்தே 1985 ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அவை வணிகக் காப்பீட்டை ஏற்க மறுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது.

இறைவன்மேல் பொறுப்புச் சாட்டுவதும் முன்னெச்சரிக்கையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனை நம்புமாறு அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். உணவு குறைந்த வேளைகளில் தம்மிடமுள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை அன்னார் புகழ்ந்ததும் நாம் அறிந்ததே. கொலையீட்டுத் தொகையைக் குலத்தார் அனைவரும் பகிர்ந்து செலுத்திய 'ஆகிலா' என்னும் அரபு வழக்கத்தை இஸ்லாம் ஏற்றுக்கொண்டது. இவற்றின் வழியில் எழுந்ததே 'தகாஃபுல்' எனப்படும் பரஸ்பரக் காப்பு. இதில் உறுப்பினர் செலுத்துவது கட்டணமன்று. பிறர் துயர் துடைக்கும் கொடை. 1979 ஆம் ஆண்டு சூடானில் இது நிறுவன வடிவம் பெற்றது. மலேசியா 1984 ஆம் ஆண்டு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அண்டை நாடான இலங்கையில் 1999 ஆம் ஆண்டு அமானா தகாஃபுல் தோன்றிற்று. நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை.

வணிகக் காப்பீடு பற்றிய தீர்ப்பு உலமாக்களுக்கு உரியது. இக்கட்டுரை அதில் தலையிடவில்லை. ஆனால் ஒன்றைப் பணிவுடன் நினைவூட்ட விரும்புகின்றோம். வட்டிக்கு அஞ்சிக் காப்பீட்டைத் தவிர்த்தவர், அதற்கு மாற்றாக ஏதும் செய்யாதிருப்பின், புயலுக்குப் பின் வட்டிக் கடையின் வாயிலிலேயே நிற்கின்றார். தவிர்க்க விரும்பியது எதுவோ அதுவே பன்மடங்காக அவரைப் பற்றுகின்றது. 'கூடாது' என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. கூடும் வழியைக் கட்டியெழுப்புவதும் நம் கடமையே.

செய்யத்தக்கன

முதலில், நிவாரண நிதியின் எல்லையை உணர வேண்டும். ஓர் ஊரில் 500 குடும்பங்கள் திங்கள்தோறும் 100 ரூபாய் பைத்துல்மாலில் செலுத்தினால் ஆண்டுக்கு 6 இலட்சம் சேரும். ஒரு வீடு தீப்பற்றினால் இது தாராளம். ஆனால் ஒரு புயலில் 100 வீடுகளின் கூரை பறந்து, ஒவ்வொன்றுக்கும் 25,000 ரூபாய் தேவையெனின் 25 இலட்சம் வேண்டும். கொடுத்த கைகள் அனைத்தும் அன்று வாங்கும் கைகளாகியிருக்கும். ஆகவே கடலோர ஊர் தனக்குத்தானே காப்பாக முடியாது. கோட்டக்குப்பத்தின் நிதியும் ஆம்பூர், வாணியம்பாடி போன்ற உள்நாட்டு ஊர்களின் நிதியும் ஒன்றோடொன்று இணைந்தால், ஒரே புயல் அனைத்தையும் ஒருசேரத் தாக்காது. முற்காலக் கடல் வணிகர் தம் சரக்கு முழுவதையும் ஒரே மரக்கலத்தில் ஏற்றாமல் பலவற்றில் பிரித்தேற்றிய அறிவு இதுவே. எக்கியார்குப்பத்து மீனவரும் கோட்டக்குப்பத்து முஸ்லிமும் ஒரே கடலின் முன் வாழ்பவராதலால், இவ்வுதவி சமயம் கடந்ததாக அமைவதே அறம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இழப்பீடு தருவதாக உறுதியளித்துக் கட்டணம் வசூலிப்பது சட்டப்படி உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கே உரியது. ஜமாஅத்தோ சங்கமோ நடத்தக்கூடியது நன்கொடையால் இயங்கும் நிவாரண நிதியே. எனினும் 2005 ஆம் ஆண்டு வந்த நுண்காப்பீட்டு விதிகள், தொண்டு நிறுவனங்களும் சுய உதவிக் குழுக்களும் காப்பீட்டு முகவராகச் செயற்பட இடமளித்தன. தனித்தனியே செல்வோர்க்குக் கதவு திறவாத நிறுவனம், நூறு வீடுகளாகத் திரண்டு செல்வோர்க்குச் செவிசாய்க்கும்.

இரண்டாவதாக, ஆவணங்கள். வீட்டுப் பட்டா, வரி ரசீது, மின் இணைப்புச் சீட்டு ஆகியவற்றின் படிகளை உள்நாட்டிலுள்ள உறவினரிடமும் ஒன்று வைத்திருத்தல் வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் வீட்டின் நாற்புறத்தையும் உட்பொருள்களையும் நிழற்படம் எடுத்து வைத்தல் நன்று. காப்பீட்டிற்காயினும் அரசு நிவாரணத்திற்காயினும் முதலில் கேட்கப்படுவது சான்றே. தாத்தாவின் பெயரிலேயே நிற்கும் பட்டாக்களைப் பேரர் பெயருக்கு மாற்றாதிருப்பது, இழப்பீட்டைத் தடுக்கும் பெரிய தடைகளுள் ஒன்று. இழப்பீடு நியாயமின்றி மறுக்கப்பட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

மூன்றாவதாக, இடரையே குறைத்தல். தளத்தை உயர்த்திக் கட்டுதல், கூரையைச் சுவரோடு இறுகப் பிணைத்தல், மின் பலகையை மேலே பொருத்துதல் ஆகியவை சிறு செலவில் பெருஞ்சேதத்தைத் தவிர்ப்பன. மணல்மேட்டையும் அதைப் பிடித்து நிற்கும் அடப்பங்கொடியையும் காப்பது ஊர் முழுவதற்குமான காப்பீடு. அதற்குக் கட்டணமும் இல்லை.

நிறைவுரை

மரக்காணத்திற்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கின்றது. ஒரு காலத்தில் கடல் வணிகத்தின் வாயிலாக விளங்கிய அது 1760 ஆம் ஆண்டு ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. எஞ்சிய சுவர்களையும் கடல் கரைத்து வருகின்றது. மன்னர் கட்டிய கோட்டையே நில்லாத கரையில் உழைப்பாளி கட்டிய வீடு நிற்க வேண்டுமெனின், அதனைத் தாங்கப் பல தோள்கள் வேண்டும்.

சீதக்காதி போன்ற வள்ளல்களைப் போற்றும் மரபு நம்முடையது. வள்ளன்மை உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால் வீடிழந்தவர் வள்ளலைத் தேடி அலைய நேர்வதினும், தாமும் முன்னர் பங்களித்த பொது நிதியிலிருந்து தலைநிமிர்ந்து பெறுவதே மேலானது. முன்னது கருணை, பின்னது உரிமை.

மாணவ மணிகளே! கோடைவிடுமுறையில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே ஒரு கடலோரக் குப்பத்திற்குச் செல்லுங்கள். பத்து வீடுகளின் பட்டாவையும் பத்திரத்தையும் எடுத்துப் படித்துக் காட்டுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். தமிழ் கற்றவர் தம் தமிழால் செய்யக்கூடிய தொண்டுகளுள் இஃது எளியது, பயனோ பெரிது. ஆன்றோர்களே! அடுத்த பருவமழைக்கு முன் கடலோர ஜமாஅத்துகளையும் உள்நாட்டு ஜமாஅத்துகளையும் ஒருமுறை ஒரே இடத்தில் அமர்த்திப் பேச வையுங்கள். புயலுக்குப் பின் சோறு பொங்கும் கைகள் நம்மிடம் நிறைய உள்ளன. அக்கைகள் புயலுக்கு முன்னரே இணையுமாயின், அடகுக் கடைக்குச் செல்லும் நகைகள் குறையும். கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் பெருகுவர்.